பெரிய சாரணர்களைச் சின்னவர்களுக்குப் பொறுப்பாக வைக்கும்போது நாம் எவ்வளவு தூரம் ஒதுங்கி நிற்பது?

கூடாரவாசி எழுதியது:

வணக்கம். எங்கள் படையில் 15லிருந்து 17 வயது வரை உள்ள பெரிய பிள்ளைகள், பையன்களும் பெண்களுமாக, ஒரு கூட்டமாகச் சேர்ந்துவிட்டார்கள். முடிச்சு, முதலுதவி, திசைகாட்டி, அடுப்பு மூட்டுவது எல்லாம் முடித்தாயிற்று, சட்டையில் பேட்ஜ் தைக்க இடமில்லை. வாரக் கூட்டத்துக்கு வருகிறார்கள், ஆனால் சுவரோரம் சாய்ந்துகொண்டு எப்போது முடியும் என்று பார்க்கிறார்கள். இப்படியே விட்டால் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள் என்று தோன்றியதால், இவர்களைக் குருளையர்களுக்கும் (சாரணர் வயதை இன்னும் எட்டாத சின்னப் பிள்ளைகளின் பிரிவு) புதிதாகச் சேர்ந்த 11 வயதுக்காரர்களுக்கும் பொறுப்பாக வைக்க ஆரம்பித்தோம். தலைமைப் பண்பு வளரும், சின்னவர்களுக்கு ஒரு அண்ணன், அக்கா கிடைத்த மாதிரி இருக்கும், நமக்கும் கொஞ்சம் கை ஓயும் என்பது கணக்கு.

நடப்பது வேறு. ஒருவன் விசில் கைக்கு வந்ததும் போலீஸ்காரன் ஆகிவிட்டான், எட்டு வயதுப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, வரிசை நேராக இல்லை என்று மறுபடி கலைத்து, மறுபடி நிறுத்தி, அதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. இன்னொருத்தி நேர் எதிர். சின்னவர்களை வைத்துக் கூடாரம் போடு என்றால் எல்லா முளையையும் அவளே அடித்துவிடுகிறாள், பிள்ளைகள் ஆளுக்கொரு கயிற்று நுனியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறார்கள். கேட்டால், "அவங்க செஞ்சா இருட்டிடும் சார்" என்கிறாள், அதுவும் பொய்யில்லை. மூன்றாவது ஒருவன், விஷயம் நன்றாகத் தெரிந்தவன், ஆனால் இருபது பிள்ளைகள் முன்னால் நின்றால் குரலே எழும்பாது, அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்வரிசையில் மல்யுத்தம் நடக்கிறது.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நான் எப்போது உள்ளே புகுவது, எப்போது வாயை மூடிக்கொண்டு நிற்பது? புகுந்தால் அவர்கள் தலைமை அங்கேயே முடிந்தது, புகாவிட்டால் சின்னவர்களுக்கு அந்த வாரம் வீண். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.


பழைய_விசில் எழுதியது:

நீங்கள் சொன்ன மூன்று பேரும் எல்லாப் படையிலும் இருக்கிறார்கள், பெயர்தான் வேறு. அதனால் முதலில் கவலையை விடுங்கள்.

நீங்கள் கேட்டதற்கு நேர்ப் பதில்: கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருங்கள், கைக்கு எட்டாத தூரத்தில் இருங்கள். அதாவது அதே மைதானம், ஆனால் மறுகோடி. வட்டத்துக்குள் ஒரு பெரியவர் நின்றாலே போதும், அவர் வாயைத் திறக்கவே வேண்டாம், பிள்ளைகள் எல்லாம் அவர் முகத்தைத்தான் பார்க்கும், பேசுகிற பையனும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒருமுறை அவரைத் திரும்பிப் பார்ப்பான். மறுகோடியில் உட்கார்ந்து வேறு ஏதாவது வேலை செய்யுங்கள், கயிறு சுருட்டுங்கள், கணக்கு எழுதுங்கள். ஒரு குருளை ஓடிவந்து "சார், தண்ணி குடிக்கலாமா" என்று உங்களிடம் கேட்டால், "அண்ணாகிட்ட கேளு" என்று திருப்பி அனுப்புங்கள். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனால் அந்த நேரத்துக்கு யார் பொறுப்பு என்பதை எல்லோருக்கும் தெரியவைப்பது இதுதான்.

புக வேண்டிய இடங்கள் சிலதான். ஆபத்து இருந்தால் உடனே. ஒரு பிள்ளையை மட்டம் தட்டினாலோ, தண்டனை என்று குனியவைத்து ஓடவைத்து ஏதாவது செய்தாலோ உடனே. மற்றபடி விளையாட்டு சொதப்பினால் சொதப்பட்டும். ஒரு விளையாட்டு சொதப்பியதால் எந்தக் குருளையும் கெட்டுப்போனதில்லை, அவர்களுக்கு அதுவும் ஒரு விளையாட்டுதான்.

ஆனால் இப்படி ஒதுங்கி நிற்க வேண்டுமென்றால் அதற்கு முன்னால் வேலை இருக்கிறது, பலரும் அதைச் செய்யாமல் நேராக மைதானத்தில் விட்டுவிட்டு "பொறுப்பு கொடுத்தேன்" என்கிறார்கள். பொறுப்பு என்பது முழுதாக ஒன்றாக இருக்க வேண்டும், சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. "இன்னிக்குக் குருளையர்களைப் பார்த்துக்கோ" என்பது பொறுப்பே இல்லை, அது காவல். "அடுத்த வாரம் இருபது நிமிடம் உன்னுடையது, அதற்குள் எட்டுப் பேருக்கும் ரீஃப் நாட் முடிச்சு போட வர வேண்டும், எப்படி என்பது உன் பாடு" என்பதுதான் பொறுப்பு. ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள்: என்ன செய்யப் போகிறேன், என்னென்ன சாமான் வேண்டும், சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே முடிந்துவிட்டால் அடுத்து என்ன. மூன்றாவதுதான் முக்கியம். எட்டு வயதுக்காரர்கள் ஒரே விஷயத்தில் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நிற்கமாட்டார்கள், கையில் வேறொன்று தயாராக இல்லாத அண்ணன்தான் கத்த ஆரம்பிக்கிறான். உங்கள் விசில்காரன் கெட்டவன் இல்லை, அவனிடம் அடுத்த விஷயம் இல்லை, அதனால் வரிசையைக் கலைத்துக் கலைத்து நிறுத்துகிறான். நான் பார்த்தவரை கத்துகிறவர்களில் பெரும்பாலானவர்கள் இப்படித்தான்.

சொல்லிக்கொடுக்க அமெரிக்கச் சாரணர் அமைப்பில் நான்கு படி வைத்திருக்கிறார்கள்: விளக்கு, செய்து காட்டு, கூட இருந்து செய்யவை, பிறகு தானாகச் செய்ய விடு. கேட்க இதிலென்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் முளை அடிக்கும் உங்கள் பெண் இரண்டாவது படியிலேயே நின்றுவிட்டாள் பாருங்கள், காட்டிக்கொண்டே இருக்கிறாள். அவளுக்கு ஒரே நேரத்தில் இரண்டு கூடாரம் கொடுங்கள், இரண்டு குழு, கொஞ்சம் தள்ளித் தள்ளி. ஒன்றில் முளை அடித்துக்கொண்டிருந்தால் இன்னொன்று சரிந்துவிடும், அப்போது வேறு வழியில்லாமல் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வாயால் சொல்ல ஆரம்பிப்பாள்.


போலைன்_17 எழுதியது:

நான் அந்தப் பெரிய பசங்க பக்கத்திலிருந்து எழுதுகிறேன், 17 வயது, சாரணியர், இப்போது குருளையர்களோடுதான் இருக்கிறேன். பழைய_விசில் ஐயா சொன்னது நிறைய சரி, ஆனால் அவர் சொல்லாத ஒன்று உண்டு.

எங்களுக்கு மிகவும் எரிச்சல் தருவது பாதியில் புகுவதுகூட இல்லை. பாதியில் புகுந்து ஒரு நிமிடத்தில் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு, "ம், நீ தொடரும்மா" என்று திருப்பிக் கொடுப்பதுதான். அதற்கப்புறம் அங்கே என்ன இருக்கிறது தொடர? பிள்ளைகள் அவர் சொன்னதும் கப்சிப் என்று உட்கார்ந்துவிட்டார்கள், நான் சொல்லி உட்காரவில்லை, அது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்றால் என்னைத் தனியாகக் கூப்பிட்டு என் காதில் சொல்லுங்கள், நான் போய்ச் சொல்கிறேன். அது கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான்.

அப்புறம் சொல்லிக்கொடுப்பது பற்றி. நமக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுப்பது சுலபம் என்று நினைத்துக்கொண்டுதான் எல்லோரும் போகிறோம். போலைன் முடிச்சை நான் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். ஆனால் ஒரு ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்து போட்டுக் காட்டினால் அவளுக்கு எல்லாமே தலைகீழாக, இடம் வலம் மாறித் தெரிகிறது, என் வலது கை அவளுக்கு இடது பக்கம். அவள் சரியாகத்தான் பார்த்துச் செய்கிறாள், முடிச்சு வரவில்லை, நான் "இன்னொரு தடவை பாரு, இன்னொரு தடவை பாரு" என்கிறேன், அவள் கண்ணில் தண்ணீர். பக்கத்தில் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்து, இரண்டு பேர் மடியிலும் ஆளுக்கொரு கயிறு, நான் ஒரு அசைவு, அவள் ஒரு அசைவு என்று போனால் சட்டென்று வந்துவிடுகிறது. முதலில் ஒரு வளையம், அதன் வழியே நுனி கீழிருந்து மேலே, பின்பக்கமாக ஒரு சுற்று, மறுபடி அதே வளையத்துக்குள் இறக்கு. இறுக்குவதை அவளையே செய்யவிட வேண்டும், அந்தக் கடைசி இழுப்பில்தான் அவர்களுக்கு சந்தோஷமே. மெல்லிய சணல் கயிறு வேண்டாம், விரல் தடிமனுக்குக் கயிறு, முடிந்தால் இரண்டு முனைக்கும் இரண்டு நிறம்.

இன்னொன்று. நாங்கள் பேசுவதை அவர்கள் கவனிப்பதே இல்லை, எங்களைத்தான் கவனிக்கிறார்கள். ஒரு நாள் புழுக்கமாக இருக்கிறது என்று ஸ்கார்ஃபைக் கழற்றி பாக்கெட்டில் சொருகிக்கொண்டு நின்றேன், கூட்டம் முடிவதற்குள் நாலைந்து குருளைகள் பாக்கெட்டில் ஸ்கார்ஃபோடு சுற்றிக்கொண்டிருந்தார்கள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதிலிருந்து கொஞ்சம் பயமாகவே இருக்கிறது, நல்ல மாதிரி பயம்.


மூன்றாம்அணி_அம்மா எழுதியது:

நான் கொஞ்சம் கசப்பான பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். என் மூத்தவன் சாரணன், சின்னவள் குருளை, நானும் சில வருடம் உதவித் தலைவராக இருந்தவள்.

"நமக்கும் கொஞ்சம் கை ஓயும்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள் கூடாரவாசி சார், அந்த வரியில்தான் எனக்கு உறுத்தல். நிறையப் படைகளில் தலைமைப் பயிற்சி என்ற பெயரில் நடப்பது ஆள் பற்றாக்குறையை அடைப்பது. பெரிய பிள்ளை வாரா வாரம் குருளையர்களுக்குப் போய் நிற்கிறது, அதனுடைய சொந்த வயதுக்காரர்களோடு நடைப்பயணம் இல்லை, முகாம் இல்லை, புதிதாகக் கற்றுக்கொள்ள எதுவுமில்லை, ஒரு வருடத்தில் அலுத்துப்போய் நின்றுவிடுகிறது. பிறகு "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அக்கறை இல்லை" என்று பேச்சு. அவர்களும் பிள்ளைகள்தான் சார். சின்னவர்களுக்குக் கொடுப்பதற்கு முன்னால் அவர்களுக்கு ஏதாவது கிடைத்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு வாரம் குருளையர்களோடு, இரண்டு வாரம் தங்கள் கூட்டத்தோடு என்று வைத்தால்கூட நியாயம். தேர்வு நேரத்தில் கேட்காமலேயே விடுவித்துவிடுங்கள், அவர்களாக வந்து கேட்கக் கூச்சப்படுவார்கள்.

அடுத்தது பாதுகாப்பு, இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். 18 வயது ஆகாதவர் பெரியவர் கணக்கில் வரமாட்டார், எவ்வளவு பொறுப்பானவராக இருந்தாலும் சரி. பிரிட்டனில் 14 முதல் 18 வயது வரை உள்ளவர்கள் இளம் தலைவர்களாகச் சின்னவர்களோடு வேலை செய்ய முறையான ஏற்பாடே இருக்கிறது, அங்கேயும் எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை பெரியவர்கள் என்று எண்ணும்போது இவர்களைச் சேர்க்கமாட்டார்கள். அமெரிக்காவில் எந்த நிகழ்ச்சியானாலும் 21 வயது நிறைந்த, பதிவு செய்த இரண்டு பெரியவர்கள் இருந்தே ஆக வேண்டும். நம் படையிலும் அப்படித்தான் இருக்க வேண்டும், "பெரிய பசங்க இருக்காங்களே" என்று ஒரு ஆளைக் குறைப்பது கூடாது. ஒரு பெரிய பிள்ளையும் ஒரு சின்னப் பிள்ளையும் தனியாக ஓர் அறையிலோ கூடாரத்திலோ இருக்கும்படி நேரக்கூடாது. கழிப்பறைக்குக் கூட்டிப்போவது, அடிபட்டால் என்ன செய்வது என்று முடிவெடுப்பது, மருந்து கொடுப்பது, பெற்றோரிடம் புகார் பேசுவது, இதெல்லாம் 16 வயதுக்காரர் தோளில் ஏற்றக் கூடாது. இது அவர்கள்மீது சந்தேகம் இல்லை, இது அவர்களுக்கும் பாதுகாப்பு. நாளைக்கு ஒரு பிரச்சினை என்றால் 16 வயதுப் பிள்ளையை எல்லோருக்கும் பதில் சொல்ல வைத்துவிட்டு நாம் ஓரமாக நிற்கக் கூடாது பாருங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். ஒரு குருளை ஏதாவது ரகசியமாக வந்து சொன்னால், வீட்டில் அடிக்கிறார்கள் என்றோ வேறு ஏதாவது என்றோ, அதை என்ன செய்வது என்று பெரிய பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சின்னவர்கள் இந்த மாதிரி விஷயத்தைப் பெரியவர்களிடம் சொல்வதைவிட அக்காவிடம், அண்ணாவிடம்தான் முதலில் சொல்லும். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் செய்யக் கூடாது, அன்றைக்கே தலைவரிடம் வந்து சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான் விதி.


பழைய_விசில் எழுதியது:

அம்மா சொன்னதில் மறுக்க ஒன்றுமில்லை. கை ஓயாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் கூடாரவாசி. முதல் ஆறு மாதம் நீங்களே எடுத்து நடத்துவதைவிட வேலை அதிகம், கூட்டத்துக்கு முன்னால் ஒரு பேச்சு, முடிந்தபின் ஒரு பேச்சு.


வரைபடம் எழுதியது:

எல்லோரும் குருளையர்களைப் பற்றியே பேசுகிறீர்கள், எனக்கு அதில் கொஞ்சம் மாற்றுக் கருத்து. பெரியவர் சின்னவரை நடத்துவது என்பது சாரணர் இயக்கத்தில் பிற்பாடு ஒட்டவைத்த பயிற்சி இல்லை, ஆரம்பமே அதுதான். தென்னாப்பிரிக்காவில் போயர் போரின்போது நடந்த மாஃபெக்கிங் முற்றுகையில், 1899 அக்டோபரிலிருந்து 1900 மே வரை, ஊர்ச் சிறுவர்களைப் படையாகச் சேர்த்து செய்தி கொண்டுபோக வைத்தார்கள், அவர்களுக்கு சார்ஜண்ட் மேஜராக இருந்தவனும் குட்இயர் என்ற ஒரு சிறுவன்தான். அதைப் பார்த்தவர்தான் பிறகு சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல். 1907 ஆகஸ்டில் பிரவுன்சீ தீவில் அவர் முதல் முகாம் போட்டபோது இருபது பையன்கள்போல இருந்தார்கள், அவர்களை ஓநாய், காளை, காக்கை, கர்லியூ பறவை என்று நான்கு அணியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பெரிய பையன் ஒருவனைத் தலைவனாக வைத்து, அணி ஒழுங்காக நடப்பது அவன் பொறுப்பு என்று விட்டுவிட்டார். பெரியவர்கள் அங்கே இருந்தார்கள், ஆனால் ஒவ்வொரு பையனையும் மேய்த்துக்கொண்டிருக்கவில்லை. குருளையர் பிரிவு அதற்கப்புறம் 1916ல்தான் வருகிறது.

அவரே பிற்பாடு எழுதும்போது, தன்னால் ஒவ்வொரு பையனையும் தனித்தனியாகக் கவனித்து வளர்க்க முடிந்தது பதினாறு பேர் வரைதான், மற்றவர்கள் தன்னைப்போல இரண்டு மடங்கு திறமைசாலிகள் என்று வைத்துக்கொண்டு ஒரு படைக்கு முப்பத்திரண்டு போதும் என்கிறார். அந்தக் குசும்பை விடுங்கள், கணக்கைப் பாருங்கள்: முப்பத்திரண்டு பேரை ஒருவர் நேரடியாக நடத்த முடியாது, நான்கு அணித் தலைவர்களை நடத்த முடியும், அவர்கள் மற்றவர்களை நடத்துவார்கள்.

நான் ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், 17 வயதுக்கும் 8 வயதுக்கும் நடுவில் இருப்பது பெரிய இடைவெளி. குருளையர்கள் அண்ணாவை வாய் பிளந்து பார்ப்பார்கள், சொன்னதைக் கேட்பார்கள், அதில் சொல்லிக்கொடுக்கும் பழக்கம் வரும், பொறுமை வரும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "நீ யார் என்னைச் சொல்ல" என்று கேட்கிற 13 வயதுக்காரனைத் தன் அணிக்குள் வைத்துக்கொண்டு, அவனையும் சேர்த்து மாலைக்குள் விறகு பொறுக்கி அடுப்பு மூட்ட வைப்பதில் வருகிற தலைமை வேறு. அங்கே வயதை வைத்து ஒன்றும் நடக்காது, பேட்ஜை வைத்தும் நடக்காது. ஆறு முதல் எட்டுப் பேர் உள்ள ஓர் அணி, அதில் எல்லா வயதும் கலந்து, அதையே மாதக்கணக்கில் வைத்திருப்பது. வாரத்துக்கு வாரம் ஆளை மாற்றினால் யாரும் யாருக்கும் பொறுப்பாக மாட்டார்கள். உங்கள் படையில் அணிகள் பெயருக்கு இருக்கின்றனவா, உண்மையிலேயே இயங்குகின்றனவா? முகாமில் அணிக்கு அணி தனியாகச் சமைக்கிறார்களா? அணித் தலைவர்கள் கூடி உட்கார்ந்து அடுத்த மாதம் என்ன செய்வது என்று முடிவு செய்கிறார்களா, அல்லது நீங்கள் முடிவு செய்து அவர்களிடம் அறிவிக்கிறீர்களா? பேட்ஜ் முடித்துவிட்டு சுவரில் சாய்ந்து நிற்கிறார்கள் என்றீர்களே, முடிவு எடுக்க ஒன்றுமே இல்லாத இடத்தில் வேறு என்ன செய்வார்கள்?


போலைன்_17 எழுதியது:

வரைபடம் அண்ணா, இரண்டும் வேண்டும் என்பேன். நான் அணித் தலைவியாகவும் இருந்திருக்கிறேன், அதில் நண்பர்களிடம் வேலை வாங்க வேண்டும், அது நரக வேதனை, உண்மை. ஆனால் முதல் தடவை பேசக் கற்றுக்கொள்ள குருளையர்கள்தான் நல்ல இடம், தப்பாகப் பேசினாலும் அவர்கள் சிரிக்கமாட்டார்கள், சிரித்தாலும் கேலிச் சிரிப்பாக இருக்காது. நம் வயதுக்காரர்கள் முன்னால் முதல் தடவையே நிற்கச் சொன்னால் அந்தக் குரல் எழும்பாத அண்ணா மாதிரி ஆட்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

அவரைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லையே? இருபது பேர் முன்னால் நிறுத்தாதீர்கள் சார். மைதானத்தில் நாலு இடம் பிரித்து, ஓர் இடத்தில் முடிச்சு, ஓர் இடத்தில் கட்டுப்போடுவது, ஓர் இடத்தில் தடம் பார்ப்பது என்று வைத்து, ஐந்து ஐந்து பேராகச் சுற்றி வரவிடுங்கள். அவருக்கு ஒரே இடம், அதே விஷயம் நாலு தடவை, ஐந்து பிள்ளைகள்தான். முதல் குழுவிடம் தடுமாறுவார், நாலாவது குழு வருவதற்குள் ஜோக் அடிப்பார். எங்கள் படையில் இப்படி ஒருத்தி இருக்கிறாள், இன்னும் மொத்தக் கூட்டத்தின் முன்னால் பேசமாட்டாள், ஆனால் அவள் இடத்துக்கு வருகிற பிள்ளைகள் அடுத்த இடத்துக்குப் போகமாட்டேன் என்கிறார்கள். எல்லோரும் மேடையில் பேசினால்தான் தலைமையா என்ன?


கூடாரவாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

அம்மா, கை ஓயும் வரியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். எங்களிடம் பெரியவர்கள் எண்ணிக்கை குறையாது, அதில் சந்தேகம் வேண்டாம். மாதத்தில் பாதி வாரம் அவர்களுக்கென்று ஒதுக்குவது நல்ல யோசனை, ஒரு இரவு நடைப்பயணம் அவர்களே திட்டமிடட்டும்.

வரைபடம், உண்மையைச் சொன்னால் அணிகள் கொடியில் இருக்கின்றன, முகாம் சமையல் ஒரே அண்டாவில். அதை மாற்றலாம். ஆனால் அணிக்கு அணி அடுப்பு என்றால் ஒரு அணி பட்டினி கிடக்கும் என்ற பயம் இருக்கிறது, அதற்கு என்ன செய்கிறீர்கள்?

இன்னொரு கேள்வி. ஒரு குருளையின் அப்பா வந்து, "என் பையனுக்கு ஒரு பையன் சொல்லிக்கொடுப்பதற்கா அனுப்புகிறேன், நீங்கள் சொல்லிக்கொடுங்கள்" என்றார். என்ன பதில் சொல்வது?

அப்புறம் அந்த விசில்காரன். அவனிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது? நல்ல பையன், ரோஷக்காரன், சொன்ன உடனே நின்றுவிடுவானோ என்று இருக்கிறது.


வரைபடம் எழுதியது:

பட்டினி கிடக்காது. அரைவேக்காடு சாப்பிடும், ஒருவேளை. அடுத்த வேளைக்கு அவர்களே முன்கூட்டி அடுப்பு மூட்டுவார்கள். தீயும் கத்தியும் இருக்கும் இடத்தில் பெரியவர் கண் இருக்கட்டும், உப்பு போட்டார்களா என்று எட்டிப் பார்க்க வேண்டாம். கடைசி நேரத்துக்கு ரொட்டியும் பழமும் எடுத்து மறைத்து வையுங்கள், இருப்பதாக முன்னால் சொல்லாதீர்கள்.


மூன்றாம்அணி_அம்மா எழுதியது:

அந்த அப்பாவுக்கு: நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், பெரியவர்கள் எத்தனை பேர் என்பதைக் காட்டுங்கள். பெற்றோருக்கு இருக்கும் கவலை பெரும்பாலும் பையன் சொல்லிக்கொடுப்பது பற்றி இல்லை, பெரியவர் யாரும் பார்க்கவில்லையோ என்பதுதான். ஒரு கூட்டத்துக்கு வந்து உட்காரச் சொல்லுங்கள். என் சின்னவள் நான் நூறு தடவை சொல்லியும் கேட்காமல், குருளையர் அக்கா ஒரு தடவை சொன்னதும் ஷூ லேஸைத் தானே கட்ட ஆரம்பித்தாள், எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட.


பழைய_விசில் எழுதியது:

விசில்காரனிடம் கூட்டம் முடிந்த கையோடு பேசாதீர்கள், அப்போது அவன் களைத்திருப்பான், நீங்களும் கடுப்பில் இருப்பீர்கள். இரண்டு மூன்று நாள் போகட்டும், அடுத்த வாரத் தாளை எழுத உட்காரும்போது பேசுங்கள். "நீ தப்பு செய்தாய்" என்று தொடங்காமல் மூன்று கேள்வி கேளுங்கள், எல்லாப் பெரிய பிள்ளைகளிடமும் ஒவ்வொரு தடவையும் இதே மூன்றைத்தான் கேட்க வேண்டும், அவனுக்கு மட்டும் என்றால் விசாரணை ஆகிவிடும்: எது நன்றாகப் போயிற்று, எதை நிறுத்தலாம், புதிதாக எதைச் செய்து பார்க்கலாம். முதல் கேள்விக்கு அவன் பதில் சொல்லும்வரை இரண்டாவதற்குப் போகாதீர்கள். வரிசையில் பாதி நேரம் போயிற்று என்பதை அவனே சொல்வான். சொல்லாவிட்டால், "எட்டுப் பேரில் எத்தனை பேருக்கு முடிச்சு வந்தது" என்று மட்டும் கேளுங்கள்.

விசிலுக்குப் பதிலாக ஒன்று கொடுக்க வேண்டும், சும்மா பிடுங்கினால் வெறுங்கையோடு நிற்பான். குருளையர்களிடம் பழைய முறை ஒன்று இருக்கிறது: அகேலா, அதாவது குருளையர்களின் தலைவர், "பேக், பேக், பேக்" (ஓநாய்க் கூட்டம் என்று பொருள்) என்று கூப்பிட்டதும் எங்கே இருந்தாலும் எல்லாக் குட்டிகளும் "பேக்" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து வட்டமாக நிற்பார்கள். வரிசை கிடையாது, வட்டம்தான். வட்டத்தில் யார் நேராக நிற்கிறார்கள் என்று பார்க்கவே முடியாது, அவன் வியாதிக்கு அதுவே மருந்து. அமைதிக்கு, வலது கையைச் சாரணர் அடையாளமாக உயர்த்திவிட்டு ஒன்றும் பேசாமல் நிற்கச் சொல்லுங்கள். முதல் வாரம் ரொம்ப நேரம் நிற்க வேண்டியிருக்கும், கை வலிக்கும், நிற்கட்டும்.


போலைன்_17 எழுதியது:

அதோடு, அவரை அந்த வாரம் ஏதாவது தெரியாத ஒன்றைக் கற்றுக்கொள்ளவும் வையுங்கள் சார், குருளையர்களுக்குத் தெரிந்து அவருக்குத் தெரியாத பாட்டு, விளையாட்டு ஏதாவது இருக்கும், அதைப் பிள்ளைகள் அவருக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். விசிலை வாங்குவதாக இருந்தால் தனியாகக் கூப்பிட்டு வாங்குங்கள், பிள்ளைகள் முன்னால் வேண்டாம்.


கூடாரவாசி எழுதியது:

சரி. வரும் கூட்டத்தில் நாலு இடம் பிரித்து விடுகிறோம், குரல் எழும்பாதவனுக்கு கட்டுப்போடும் இடம், முளைக்காரிக்கு இரண்டு கூடாரம், விசில்காரனுக்கு பேக் கூப்பாடும் இருபது நிமிட விளையாட்டும். தாளை மூன்று பேரிடமும் கொடுத்துவிட்டேன், முளைக்காரி ஏற்கெனவே இரண்டு பக்கம் எழுதி அனுப்பிவிட்டாள், அதில் "சீக்கிரம் முடிந்துவிட்டால்" என்ற இடத்தில் "வாய்ப்பில்லை" என்று போட்டிருக்கிறாள். எப்படிப் போயிற்று என்று பிறகு வந்து எழுதுகிறேன்.